மியூசிக் நோட்டேஷன் சாஃப்ட்வேர் வேகமா ஓடணுமா? லேஅவுட் முடிவுகளை கேஷ் பண்றது எப்படி: முழு வழிகாட்டி

ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதின பெரிய ஸ்கோர் ஒண்ணு, 40, 50 பக்கம் வருதுன்னு வச்சுக்கோங்க. அதுல ஒரே ஒரு நோட்டை மாத்திட்டு லிலிபாண்ட்ல (டெக்ஸ்ட்டா எழுதின மியூசிக்கை அச்சு ஸ்கோரா மாத்தற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்) ஓட்டிப் பாருங்க, முதல் பார்ல (தாளக் கட்டம்) இருந்து கடைசி பார் வரைக்கும் மொத்தத்தையும் அது புதுசா யோசிக்கும், எந்த பாரோட வரி உடையணும், எந்த வரியோட பக்கம் முடியணும், ஒவ்வொரு பீமும் (சின்ன நோட்டுகளைச் சேர்க்கற தடிக் கோடு) எவ்வளவு சாயணும், ஸ்லர் (நோட்டுகளை இணைக்கற வளைகோடு) எங்க தொடங்கி எப்படி வளையணும், எல்லாமே. கிட்டத்தட்ட எல்லா கேள்விக்கும் போன தடவை வந்த அதே பதில்தான் இப்பவும் வரப்போகுது, ஆனா போன தடவை கண்டுபிடிச்சது எதுவும் எங்கயும் மிச்சம் இல்ல, ப்ராசஸ் முடிஞ்சதும் மெமரியோட போயிடுச்சு.

லிலிபாண்ட் இதுல அசட்டையா இருக்குன்னு யாரும் நினைக்க வேண்டாம். 1996ல ஹான்-வென் நீன்ஹைஸும் யான் நியூவென்ஹைசனும் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் அது, கையால செதுக்கின பழைய உலோகத் தகட்டு ஸ்கோர் மாதிரி அழகா வரணும்ங்கறதுதான் நோக்கம், அதுக்காக நேரத்தைச் செலவு பண்ணலாம்னு முடிவு எடுத்து எழுதியிருக்காங்க. ஒரே ஓட்டத்துக்குள்ள அது நல்லாவே கேஷ் பண்ணும், அதாவது ஒரு தடவை கண்டுபிடிச்சதை எடுத்து வச்சு திரும்பப் பயன்படுத்தும்: ஒவ்வொரு கிராஃபிக்கல் ஆப்ஜெக்ட்டோட ப்ராப்பர்ட்டியும் கேட்டாதான் கணக்காகும், ஒரு தடவை கணக்கானா அந்த ஆப்ஜெக்ட்டுலயே பதிஞ்சு இருக்கும், அடுத்து யார் கேட்டாலும் அதே மதிப்பு கிடைக்கும். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவுலதான் ஒண்ணும் இல்ல.

அந்த இடைவெளியை எப்படி நிரப்பறதுங்கறதுதான் இந்த வழிகாட்டி. சொந்தமா நோட்டேஷன் எஞ்சின் எழுதறவங்க, ஓப்பன் சோர்ஸ் எஞ்சின்ல பேட்ச் போடறவங்க ரெண்டு பேருக்கும் பொருந்தும். கோட் தொடாம லிலிபாண்ட் மட்டும் ஓட்டறவங்களுக்கு படி 2லயே ஒரு வழி இருக்கு.

படி 1: நேரம் எங்க போகுதுன்னு முதல்ல பாருங்க

லிலிபாண்டை டெர்மினல்ல ஓட்டினா அது ஒவ்வொரு கட்டமா சொல்லிட்டே போகும்: ஃபைலை வாசிக்குது, மியூசிக்கைப் புரிஞ்சுக்குது (8 பாருக்கு ஒரு தடவை பார் நம்பர் ஓடும்), கிராஃபிக்கல் ஆப்ஜெக்ட்டுகளைத் தயார் பண்ணுது, எத்தனை பக்கம் சரியா வரும்னு தேடுது, அந்தப் பக்கங்கள்ல பொருத்துது, கடைசியா வரிகளை வரையுது. எந்த வாசகத்துல கர்சர் நின்னு யோசிக்குதுன்னு கவனிச்சாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். சொந்த எஞ்சின்னா ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டைமர் போடுங்க, சின்ன ஸ்கோர், பெரிய ஸ்கோர், பாட்டு வரிகள் (லிரிக்ஸ்) நிறைய உள்ள ஸ்கோர்னு மூணு விதமா ஓட்டிப் பாருங்க, ஏன்னா மூணுலயும் நேரம் தின்னற இடம் வேற வேறயா இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. புது மெஷின்ல முதல் ஓட்டத்தை அளக்காதீங்க. அப்போ ஃபான்ட்கான்ஃபிக் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபான்ட் எல்லாத்தையும் தேடி தன் கேஷைக் கட்டும், அந்த நேரத்துக்கும் ஸ்கோருக்கும் சம்பந்தமே இல்ல.

படி 2: முடிவு வேற, இடம் வேற

என்னோட மொத்த வாதமும் இதுதான்: எக்ஸ், ஒய் இடங்களைச் சேமிக்காதீங்க, முடிவுகளைச் சேமிங்க. "17வது பாரோட வரி உடையுது" இது முடிவு. "23வது பாரோட மூணாவது நோட் இடப்பக்கத்துல இருந்து 41.7 ஸ்டேவ் ஸ்பேஸ் (ஸ்டேவ்ல அடுத்தடுத்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல உள்ள தூரம்) தள்ளி இருக்கு" இது அந்த முடிவுல இருந்து வந்த இடம். டெய்லர் உங்க அளவைத்தான் நோட்டுல எழுதி வச்சிருப்பார், சட்டையை எடுத்து வச்சிருக்க மாட்டார்.

முடிவுகள் ரொம்பச் சின்னது, 50 பக்க ஸ்கோரோட வரி உடைப்பு மொத்தமும் சில நூறு எண்கள்ல அடங்கிடும். அதோட ஒரு முடிவு பழசாப் போயிட்டா வரி கொஞ்சம் இறுக்கமாவோ தளர்வாவோ வரும், அவ்வளவுதான், ஸ்கோர் தப்பா இருக்காது. பழசாப் போன இடத்தை எடுத்து வரைஞ்சா நோட் மேல நோட் ஏறி உட்காரும். எல்லாத்துக்கும் மேல, வரி எங்க உடையுதுன்னு தெரிஞ்சுட்டா ஒவ்வொரு வரியும் கிட்டத்தட்ட தனித்தனி வேலையா மாறிடும், அதைத் தனித்தனியா கேஷ் பண்ணலாம், தனித்தனி ப்ராசஸர் கோர்ல ஓட்டலாம். தேடறதுலதான் செலவு, தேடிக் கிடைச்ச பதிலை வச்சு இடம் போடறது ஒப்பிட்டா மலிவு.

கோட் எழுதாதவங்க இதைக் கையாலயே பண்ணலாம். நீங்க திருப்தியா இருக்கற ஒரு பிடிஎஃப்ல இருந்து ஒவ்வொரு வரியும் எந்த பார்ல முடியுதுன்னு குறிச்சுக்கோங்க. தனி ஃபைல்ல கண்ணுக்குத் தெரியாத ஸ்கிப் நோட்டுகள் மட்டும் உள்ள ஒரு வாய்ஸ் எழுதி, அதுல அந்த அந்த இடத்துல பிரேக் கட்டளை போட்டு, மெயின் ஃபைல்ல சேர்த்து, தானா உடைக்கறதை நிறுத்திடுங்க. லிலிபாண்டுக்குத் தேட வேண்டியது அவ்வளவும் குறைஞ்சிடும். மியூசிக்கும் லேஅவுட்டும் தனித்தனி ஃபைல்ல இருக்கறதால பின்னாடி பேப்பர் சைஸ் மாத்தினா அந்த ஒரு ஃபைலைத் தூக்கிட்டாப் போதும். ட்ராஃப்ட் நேரத்துல பக்க உடைப்புக்கு மினிமல் பிரேக்கிங் வழியைத் தேர்ந்தெடுங்க, ஒரு பக்கத்துல எத்தனை வரி கொள்ளுமோ அத்தனையை நிரப்பிட்டு அடுத்ததுக்குப் போகும், பெரிய ஸ்கோருக்கு அதுதான் லேசு. ஒரே பகுதியில வேலை பண்றப்போ ஸ்கிப்டைப்செட்டிங்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணின இடத்துல இருந்து ஆஃப் பண்ற இடம் வரைக்கும் வரையாமலே தாண்டிப் போயிடும். வெரோவியோங்கற நோட்டேஷன் எஞ்சினை ஓட்டறவங்களுக்கு இன்னும் சுலபம், ஃபைல்ல ஏற்கனவே எழுதியிருக்கற உடைப்புகளை அப்படியே எடுத்துக்கோன்னு ஒரு ஆப்ஷனே இருக்கு.

படி 3: ஒரு பாருக்கு வெளியில இருந்து என்னென்ன வருது

பாரை அடிப்படை அலகா வச்சு ஹேஷ் (உள்ளடக்கத்துல இருந்து எடுக்கற சுருக்கமான அடையாள எண்) போடலாம்னு எல்லாருக்கும் முதல்ல தோணும், சரிதான், ஆனா பாருக்குள்ள எழுதியிருக்கற நோட்டுகளை மட்டும் ஹேஷ் பண்ணினா பழைய பதில் புது ஸ்கோர்ல வந்து நிக்கும். அந்த பாருக்குள்ள நுழையறப்போ கையில இருக்கற நிலைமையையும் சேர்த்து ஹேஷ் பண்ணணும். நடப்புல இருக்கற கிளெஃப், கீ சிக்னேச்சர், முன்னாடி பார்ல இருந்து இழுத்துட்டு வர்ற டை (ஒரே ஸ்வரத்தை நீட்டற வளைகோடு), திறந்தே இருக்கற ஸ்லர், ஹேர்பின், ஆக்டேவ் கோடு, வோல்டா, ட்ரான்ஸ்போசிஷன், இவ்வளவும் வேணும்.

ஆக்சிடென்டல் (ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல் சின்னங்கள்) விஷயத்துல தனி கவனம் வேணும். 36வது பார்ல ஒரு எஃப் ஷார்ப் இருக்கு, 37ல சாதாரண எஃப் வருது, நினைவூட்டற மாதிரி ஒரு நேச்சுரல் போடற ஸ்டைலை நீங்க வச்சிருந்தா 36ல அந்த ஷார்ப்பை எடுத்ததும் 37ல இருக்கற நேச்சுரலும் போகணும், 37ல யாரும் கை வைக்கவே இல்லைன்னாலும். அதனால "முந்தின பார் முடியறப்போ எந்த எந்த ஸ்வரத்துக்கு எந்த ஆக்சிடென்டல் ஞாபகத்துல இருக்கு"ங்கற பட்டியலும் உள்ளே வர்ற நிலைமையில ஒரு பகுதி.

பார்லைனுக்கு ஒரு முகம் இல்ல, மூணு முகம். வரி முடியற இடத்துல ஒரு மாதிரி, வரி நடுவுல ஒரு மாதிரி, வரி தொடங்கற இடத்துல ஒரு மாதிரி. அடுத்த வரியில கீ மாறப் போகுதுன்னா அந்த புது கீ வரி முடிவுலயும் தெரியும், தொடக்கத்துல கிளெஃபும் கீயும் திரும்ப வரும். மூணோட அகலமும் வேற, அதனால மூணையும் தனித்தனியா கணக்குப் பண்ணி பாரோட சேர்த்து வச்சுக்கோங்க. முதல் வரியில வாத்தியத்தோட முழுப் பேர், மத்ததுல சுருக்கப் பேர்னு உள்தள்ளல் மாறறதையும் மறந்துடாதீங்க.

படி 4: ஸ்பிரிங்கைச் சேமிச்சா வரி உடைப்பு மலிவாயிடும்

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமா பாப்போம்.

நோட்டுகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை ஸ்பிரிங் மாதிரி பாக்கற முறையை 1987ல ஜான் கூர்லே எழுதினார், லிலிபாண்டும் அந்த வழியிலதான் போகுது. ஒவ்வொரு இடைவெளிக்கும் இயல்பான தூரம், இதுக்கு மேல நெருங்கக் கூடாதுங்கற தூரம், எவ்வளவு சுலபமா நீளும், எவ்வளவு சுலபமா சுருங்கும், இவ்வளவுதான். ஒரு வரியில எந்த பார்ல இருந்து எந்த பார் வரைக்கும்னு முடிவு பண்ணினா அந்த ஸ்பிரிங் எல்லாத்தையும் வரிசையாக் கோத்து, வரி அகலத்துக்குப் பொருந்த எவ்வளவு விசை வேணும்னு கண்டுபிடிக்கலாம். விசை பூஜ்யம்னா இயல்பா இருக்கு, கூடினா வரி இழுபடுது, மைனஸ்ல போனா நெருக்கடி. லிலிபாண்ட் அந்த விசையோட வர்க்கத்தை தண்டனையா எடுத்துக்குது, பக்கத்துப் பக்கத்து வரிகள்ல விசை ரொம்ப மாறினா அதுக்கும் தனி தண்டனை, ஏன்னா இறுக்கமான வரிக்கு அடுத்து தளர்ந்த வரி வந்தா கண்ணை உறுத்தும். பிறகு மொத்த தண்டனை குறைவா வர்ற உடைப்பை டைனமிக் ப்ரோகிராமிங்ல (சின்னப் பகுதிகளோட விடையை வச்சு பெரிய விடையைக் கட்டற முறை) தேடுது, 1981ல க்னூத்தும் பிளாஸும் டெக்ஸ்ங்கற அச்சுக்கோப்பு சாஃப்ட்வேர்ல பாரா உடைக்கறதுக்கு எழுதின வழியோட உறவுக்காரன்தான் இது.

இப்போ கணக்கு போடலாம். 200 பார், ஒரு வரியில அதிகபட்சம் 8 பார் கொள்ளும்னு வைங்க. 1 பார் வரிகள் 200, 2 பார் வரிகள் 199, இப்படியே 8 பார் வரிகள் 193, மொத்தம் 1572 சாத்தியமான வரிகள். ஒவ்வொண்ணுக்கும் விசை கணக்குப் பண்ணணும், செலவு இங்கதான். நீங்க 90வது பார்ல ஒரு நோட்டை மாத்தறீங்க. 90வது பார் உள்ளே வர்ற சாத்தியமான வரிகள் எத்தனை? 1 பார் நீளத்துல 1, 2 பார் நீளத்துல 2, இப்படி 8 வரைக்கும் கூட்டினா 36. மிச்சம் 1536 வரியோட விசையும் துளி மாறல.

அதனால வரி உடைப்போட பதிலை மட்டும் கேஷ் பண்ணி நிறுத்தாதீங்க, இந்த விசை அட்டவணையையும் கேஷ் பண்ணுங்க. 36 எண்ணை மட்டும் புதுசாக் கண்டுபிடிச்சு அட்டவணையில மாத்திட்டு டைனமிக் ப்ரோகிராமிங்கை முழுசா திரும்ப ஓட்டுங்க, அது வெறும் கூட்டல், ஒப்பீடுதான், கண் சிமிட்டற நேரம் கூட ஆகாது. கிடைக்கற உடைப்பு முழு கணக்குல கிடைக்கற அதே சிறந்த உடைப்பு, தரத்துல எதையும் விட்டுக் கொடுக்கல.

ரெண்டு அடுக்கா வச்சுக்கோங்க. கீழ் அடுக்கு: பார், அதுக்குள்ள நுழையறப்போ இருக்கற நிலைமை, அதுக்குரிய ஸ்பிரிங்குகள். மேல் அடுக்கு: தொடக்க பார், முடிவு பார், வரி அகலம், அதுக்குரிய விசை. பேப்பர் சைஸ் மாறினா மேல் அடுக்கு மட்டும் போகும், கீழ் அடுக்கு அப்படியே நிக்கும், ஸ்பிரிங் கட்டறதுதான் கஷ்டமான வேலைங்கறதால பெரிய லாபம். மேல் அடுக்குக்கு பார் நம்பரை சாவியா (கேஷ்ல தேடி எடுக்கறதுக்கான அடையாளமா) வைக்காதீங்க, நடுவுல ஒரு பார் நுழைச்சா எல்லா நம்பரும் நகர்ந்துடும், பார்களோட ஹேஷ்களைச் சேர்த்து ஒரு ஹேஷ் எடுங்க. பார் நம்பர் அச்சாகறது அகலத்தையோ உயரத்தையோ பாதிக்கற ஸ்டைலா இருந்தா அதை மட்டும் தனியா, கடைசியா கணக்கு பண்ணுங்க.

படி 5: ஸ்கோர் முழுக்க பாதிக்கற மதிப்புகள்

90வது பார்ல மாத்தினது 3வது பாரை பாதிக்குமா? பாதிக்கலாம். லிலிபாண்ட் ஒவ்வொரு பார்லயும் உள்ள மிகச் சின்ன நோட்டைப் பாத்து, அதுல எது அதிகமா வருதோ அதையே ஸ்கோரோட அடிப்படையா எடுத்துக்கும். அந்த நோட்டுக்கு சுமாரா 2 நோட்-ஹெட் அகலம், நீளம் இரட்டிப்பாகற ஒவ்வொரு தடவைக்கும் இன்னும் 1. அடிப்படை எய்ட்த் நோட்டா இருந்தா எய்ட்த்துக்கு 2, குவார்ட்டருக்கு 3. நீங்க மாத்தின அந்த ஒரு பாரால பெரும்பான்மை சிக்ஸ்டீன்த் நோட் பக்கம் சாஞ்சா, ஒரே நொடியில ஸ்கோர் முழுக்க எய்ட்த்துக்கு 3, குவார்ட்டருக்கு 4. எல்லா ஸ்பிரிங்கும் பழசு.

இதைப் பாத்து பயந்து எந்த நோட் மாறினாலும் கேஷை மொத்தமா அழிக்கறவங்க இருக்காங்க, அது வேண்டாம். அந்த அடிப்படை மதிப்பைத் தனியா, முதல்லயே கணக்கு பண்ணுங்க (மலிவான வேலை, நோட் நீளங்களை மட்டும் எண்ணினாப் போதும்), ஸ்பிரிங்கோட சாவியில அந்த மதிப்பைச் சேருங்க. நோட்டுகள் மாறிட்டே இருக்கும், மதிப்பு அபூர்வமா மாறும். மதிப்பு மாறாத வரைக்கும் சாவி மாறாது, கேஷ் பிழைக்கும், மாறினா சாவியே வேற ஆயிடும், பழசு தானா விலகும். யாரும் எதையும் "அழி"ன்னு சொல்லத் தேவையே இல்ல. ஸ்டேவ் சைஸ், கோட்டுத் தடிமன்னு பொதுவான எல்லாத்துக்கும் இதே வழிதான்.

படி 6: பீமும் ஸ்லரும்

பீம் எந்த உயரத்துல, எந்த சாய்வுலன்னு முடிவு பண்ண லிலிபாண்ட் பல சாத்தியங்களுக்கு மார்க் போட்டுப் பாக்கும், ஸ்லருக்கும் அப்படித்தான். தேடல் பெருசு, விடை சின்னது, பீமுக்கு ரெண்டே எண்கள், இடது முனை, வலது முனை. கேஷ் பண்றதுக்குன்னே பிறந்த விஷயம் இது. அதுவும் ஒரே மாதிரி பேட்டர்ன் திரும்பத் திரும்ப வர்ற இடக்கை பியானோ பகுதியில ஒரே விடை நூத்துக்கணக்கான இடத்துல உதவும், சாவியை ஸ்கோர்ல இருக்கற இடத்தை வச்சு எடுக்காம நோட்-ஹெட்டுகள் ஸ்டேவ்ல எங்க இருக்கு, ஸ்டெம் திசை, நடுவுல இருக்கற தூரங்கள்னு வடிவத்தை வச்சு எடுத்தீங்கன்னா.

தூரங்கள் எப்பவும் துல்லியமா ஒத்துப் போகாது, வரியை நீட்டிச் சுருக்கறதால 3.4172, 3.4169னு வரும். அதனால சாவிக்காக ஸ்டேவ் ஸ்பேஸோட 10ல ஒரு பங்குக்கு முழுமையாக்குவோம். அப்படிப் பண்ணினா பீமைக் கணக்கு பண்றதுக்கும் அந்த முழுமையாக்கின எண்ணையே குடுங்க. துல்லியமான எண்ணை வச்சு கணக்குப் பண்ணி, முழுமையாக்கின சாவியில சேமிச்சா, முதல்ல எந்த பீம் வந்துச்சோ அதோட விடை மத்ததுக்கெல்லாம் போகும், அடுத்த நாள் வேற வரிசையில எடிட் பண்ணினா வேற விடை வரும். சாவி ஒண்ணுன்னா விடையும் ஒண்ணாத்தான் இருக்கணும், எந்த வரிசையில வந்தாலும்.

படி 7: எழுத்து, ஃபான்ட்

நோட்டேஷன் சின்னங்களோட அளவுகளை கேஷ் பண்றது சுலபம். 2013ல வந்த ஸ்மஃபிள்ங்கற (SMuFL) மியூசிக் ஃபான்ட் தரத்தைப் பின்பற்றற ஃபான்ட்டுகளோட கூடவே ஒவ்வொரு சின்னத்தோட எல்லைப் பெட்டியும் மெட்டாடேட்டா ஃபைலா வரும், அதை ஒரு தடவை வாசிச்சு வச்சுக்கலாம். ஃபான்ட் ஃபைலோட ஹேஷ் சாவியில கண்டிப்பா இருக்கணும், பேர் மட்டும் போதாது, அதே பேர்ல புது வெர்ஷன் வந்து நிக்கும்.

பாட்டு வரிகள்தான் எடை அதிகம். எழுத்தெழுத்தா அகலத்தைச் சேமிச்சுக் கூட்டிடலாம்னு நினைக்காதீங்க, தமிழ்ல அது நடக்காது. "கொ"ன்னு ஒரு அசை எழுதினா யூனிகோட்ல க, அப்புறம் ஒரு உயிர்க்குறி, ரெண்டே குறியீடு. திரையில கொம்பு முன்னாடி, நடுவுல க, பின்னாடி கால்னு மூணு துண்டு. "கு", "கூ"ல எழுத்தோட வடிவமே மாறிடும். அதனால முழு அசையையும் ஃபான்ட், அளவு, மொழி இவற்றோட சேர்த்து ஒரே சாவியா வச்சு, ஷேப்பிங் (குறியீடுகளைச் சேர்த்து திரையில வர்ற வடிவமா மாத்தறது) முடிஞ்ச பிறகு கிடைக்கற அகலத்தைச் சேமிங்க. பாட்டுல அசைகள் திரும்பத் திரும்ப வரும், பல்லவி ஒவ்வொரு தடவையும் வரும், நல்லாவே பலன் தரும்.

படி 8: உயரமும் பக்கமும்

பக்கம் உடைக்க வரியோட உயரம் வேணும், உயரம் துல்லியமாத் தெரியணும்னா வரி உடைஞ்சு பீம், ஸ்லர் எல்லாம் உட்கார்ந்திருக்கணும். இந்த முடிச்சை லிலிபாண்ட் மதிப்பீட்டு உயரங்களை வச்சு அவிழ்க்குது: ஒவ்வொரு உடைப்பு இடத்துக்கும் நடுவுல உள்ள துண்டோட உயரத்தை ஒரு தடவை மதிப்பிட்டு பட்டியலா வச்சுக்கும், எந்த வரியைக் கேட்டாலும் அந்தத் துண்டுகளோட உச்சத்தையும் அடியையும் சேர்த்து எடுத்துக்கும், வரி தொடக்கத்துல இருக்கற கிளெஃப் மாதிரி விஷயங்களுக்குத் தனிப் பட்டியல். அந்தப் பட்டியலை பார் ஹேஷோட சேர்த்து டிஸ்க்ல போட்டீங்கன்னா பக்க உடைப்பும் படி 4 மாதிரியே மலிவாயிடும்.

படி 9: லைவ் எடிட்டிங்

ஸ்க்ரீன்ல டைப் பண்ணப் பண்ண மாறணும்னா சிறந்த உடைப்பே கூட தொல்லையாகலாம், ஒரு நோட் போட்டதும் அதுக்கப்புறம் இருக்கற எல்லா வரியும் குதிச்சு இடம் மாறினா எழுதறவங்களுக்குத் தலை சுத்தும். மியூஸ்ஸ்கோர்ங்கற நோட்டேஷன் எடிட்டரோட 3வது வெர்ஷன், 2018 டிசம்பர்ல வந்தப்போ, மொத்த ஸ்கோரையும் திரும்பப் போடாம மாறின பகுதியை மட்டும் போடற மாதிரி மாத்தினாங்க: மாறின இடத்துல இருந்து வரிவரியா போட்டுட்டே போய், ஒரு வரி பழைய இடத்துலயே முடியறப்போ நிறுத்திடலாம். பெரிய ஸ்கோர்ல அந்த வித்தியாசம் கையில தெரியும்.

டைனமிக் ப்ரோகிராமிங் வச்சிருக்கறவங்க பழைய உடைப்புக்கு சின்னதா ஒரு சலுகை குடுங்க, புது உடைப்பு குறிப்பிட்ட அளவுக்கு மேல நல்லா இருந்தா மட்டும் மாறட்டும். ஆனா இந்தச் சலுகை எடிட்டிங்குக்கு மட்டும்தான். பிரிண்ட், பிடிஎஃப் எடுக்கறப்போ சலுகையை நீக்கிட்டு ஓட்டுங்க, ஒரே ஸ்கோரை ரெண்டு பேர் வேற வேற வரிசையில டைப் பண்ணினாங்கங்கறதுக்காக அச்சு மாறக் கூடாது.

படி 10: டிஸ்க்ல வைக்கறது

இதுக்கு நல்ல முன்மாதிரி லிலிபாண்டோட கூடவே வர்ற லிலிபாண்ட்-புக்ல இருக்கு. ஒரு டாக்குமென்ட்ல நிறைய ஸ்கோர் துண்டுகள் இருந்தா ஒவ்வொண்ணோட உள்ளடக்கத்துக்கும் ஹேஷ் எடுத்து அதையே ஃபைல் பேரா வைக்கும், அந்தப் பேர்ல ஃபைல் இருந்தா திரும்ப ஓட்டாது, அந்த டைரக்டரியைப் பல டாக்குமென்ட்டுகள் பகிர்ந்துக்கவும் முடியும். அதே கொள்கையை எடுத்துக்கோங்க. எஞ்சின் வெர்ஷனும் சாவியில இருக்கட்டும், லேஅவுட் கோட்ல ஒரு வரி மாறினாலும் பழைய கேஷ் தொடப்படாம ஓரமா நிக்கட்டும். எழுதறப்போ தற்காலிகப் பேர்ல எழுதி முடிச்சு அப்புறம் பேர் மாத்துங்க, பாதியில கரண்ட் போனாலும் அரைகுறை ஃபைல் வாசிக்கப்படாது. ரொம்ப நாளா யாரும் தொடாததை எடுத்துடுங்க. கேஷ் இல்லைன்னாலோ கெட்டுப் போயிருந்தாலோ சத்தமில்லாம முழுக் கணக்குக்குப் போயிடணும், யூசருக்கு எரர் காட்டக் கூடாது, ஸ்கோர் ஃபைலுக்குள்ளயும் இதைத் திணிக்காதீங்க.

படி 11: டெஸ்ட்

கேஷ் இல்லாம ஓட்டின அவுட்புட்டும் கேஷோட ஓட்டின அவுட்புட்டும் பைட் பைட்டா ஒண்ணா இருக்கணும். இந்த ஒரு டெஸ்ட் இல்லாம எந்த கேஷையும் வெளிய விடாதீங்க. ஒரு ஸ்கோரை எடுத்து ராண்டமா எடிட் பண்ற ஸ்கிரிப்ட் எழுதுங்க: நோட் மாத்து, பார் நுழை, கிளெஃப் மாத்து, டை போடு, அண்டூ பண்ணு. ஒவ்வொரு எடிட்டுக்கு அப்புறமும் ரெண்டு விதமா ஓட்டி ஒப்பிடுங்க, வித்தியாசம் வந்தா எந்த எடிட்டால வந்துச்சோ அதுவே படி 3ல எந்த நிலைமையை விட்டுட்டீங்கன்னு சொல்லிடும். பெரும்பாலும் டை, ஆக்சிடென்டல், வரி முடிவுல வர்ற கிளெஃப் இந்த மூணுலதான் மாட்டும், அதனால ஸ்கிரிப்ட்ல அந்த எடிட்டுகள் அதிகமா வர்ற மாதிரி வைங்க.

லேஅவுட் கோடையே மாத்தறப்போ பைட் ஒப்பீடு உதவாது, அங்க படத்தை ஒப்பிடணும். லிலிபாண்ட் டெவலப்பர்கள் சின்னச் சின்ன ஸ்கோர்களோட ஒரு பெரிய தொகுப்பை பேட்சுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஓட்டி, வித்தியாசம் அதிகமா உள்ளதை மேல வர்ற மாதிரி வரிசைப்படுத்தி கண்ணால பாக்கறாங்க. அந்த ஓட்டத்தை எப்பவும் கேஷை அணைச்சுட்டே நடத்துங்க.